ஓலோஃபின் மகனும் சவிரிமுத்துவின் மகனும்

மகன்,

வியாழக்கிழமை விமான நிலையத்தில் நான் உன்னிடம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெட்டியின் பாரத்தைப் பற்றிக் கதைப்பேன், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கிறாயா என்று கேட்பேன், மருமகளாக வரப்போகிற இங்ரிட்டைக் கட்டிப்பிடித்து அழுவேன். அதற்குள் உங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக இங்ரிட்டின் அப்பா வீட்டுக்குப் போய்வந்தேன். அங்கே என்ன நடந்தது என்று நீ பல தடவை கேட்டுவிட்டாய். "ஒண்டுமில்லை, சும்மா கதைச்சனாங்கள்" என்று சொல்லிச் சமாளித்தேன். நாங்கள் சும்மா கதைக்கவில்லை. அவரும் இப்போது இல்லை. அந்த அறையில் நடந்ததைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காக என்று வைத்துக்கொள். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி. வாசித்த பிறகு இங்ரிட்டுக்கு பிரெஞ்சில் சொல். அவளுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதல் தடவை அவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்ட நாளிலிருந்து தொடங்குகிறேன். சுவீடன் நாட்டுப் பிரபு குடும்பம் என்று நீ சொல்லியிருந்தாய். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் பெரிய வீடு ஏதாவது இருக்கும் என்று நினைத்து, நான் கொழும்புச் சேலை உடுத்துக்கொண்டு வந்தேன். பார்த்தால் லாசாலில் நாங்கள் இருக்கிற கட்டடம் மாதிரியே அங்கேயும் லிஃப்ட் பழுதான ஒரு வாடகைக் கட்டடம். நெட்டையான மனிதர், நன்றாக அயன் பண்ணிய சட்டை, ஆனால் கொலர் ஓரத்தில் நூல் விட்டிருந்தது. ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வரைபடம் கீறி ஓய்வுபெற்றவர், மனைவி இல்லாமல் ஒரு மகளைத் தனியாக வளர்த்தவர் என்று தெரிந்தபோது எனக்கு அவரில் ஒரு மரியாதை வந்தது. சுவரில் மட்டும் பிரபுத்தனம் இருந்தது. கறுப்பு நிறத்தில் ஒரு மரக் கேடயம், அதில் வெள்ளியாய் மூன்று நாணல்கள். யார்ன்வாஸ் என்ற அவர்களுடைய பெயருக்கு இரும்பு நாணல் என்று அர்த்தம் என்றார். நீயும் இங்ரிட்டும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் பயிர்களைப் பற்றிப் படித்துச் சந்தித்துக்கொண்டதால், நாணலும் ஒரு பயிர்தானே என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்த மேசையில் சிரிப்பு வரவில்லை.

ஆண் வழியை அவர்கள் வாள் பக்கம் என்பார்களாம், பெண் வழியை நூல் நூற்கிற பக்கம் என்பார்களாம். பெயரும் பட்டமும் வாள் பக்கத்தால் மட்டுமே போகும். அவருக்குப் பிறகு வாள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. "நீங்கள் சுவீடனில் குடியிருக்கப் போகிறீர்கள். அங்கே கல்யாணம் செய்தால் கணவன் மனைவியின் பெயரை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பட்டம் வராது, அது எனக்குத் தெரியும். பெயராவது இருக்கட்டும்" என்று உன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. நீ மீன் துண்டை முள்ளுக்கரண்டியால் உருட்டிக்கொண்டு, யோசிக்கிறேன் என்றாய். நீ யோசிக்கிறேன் என்று சொல்லும்போது முடிவெடுத்து முடித்திருப்பாய். அது எனக்கு நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தெரியும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நாங்கள் கதைத்தது உனக்கு நினைவிருக்கும்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லேல்லை. ஆனா சொல்லுவன்."

"அது அப்பான்ர பேர்."

"தெரியும் அம்மா. அந்த மனுசனுக்கு ஆருமில்லை. எனக்கு அது ஒரு பேர். அவருக்கு அதுதான் எல்லாம்."

"எனக்கு?"

நீ யன்னல் பக்கம் திரும்பினாய். வெளியே ஈரப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நத்தார்ப் பண்டிகை வரைக்கும் நாங்கள் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர் மாதிரி இருந்தோம். நான் சோற்றை மேசையில் வைப்பேன், நீ நன்றி சொல்வாய். நீ எனக்கு நன்றி சொல்லத் தொடங்கியதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது.

அந்த நாட்களில் ரொறன்ரோவிலிருந்து என் அண்ணை தொலைபேசி எடுத்தார். உன் பெரிய மாமா. நீ பக்கத்து அறையில் இருந்தாய், ஆனால் உனக்குக் கேட்டிருக்காது. "ராச பரம்பரையாம் எண்டு கேள்விப்பட்டன். பெடியன் பேரை மாத்தட்டும் பிள்ளை, நீ மறிக்காதை. அந்தப் பேரால நாங்கள் பட்டது காணும்" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவர் எதைச் சொன்னார் என்பது உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன். உன் அப்பாவின் ஆட்கள் கள்ளுச் சீவுகிற குடும்பம். அப்பா மரம் ஏறவில்லை, மன்னாரில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். ஆனாலும் எங்கள் வீட்டில் அவர் மரமேறியின் மகன்தான். ரேடியோ திருத்த எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், என் அம்மா அவருக்குப் பின்வாசலில் ஒரு தகரப் பேணியில் தேத்தண்ணி கொடுத்தார். அந்தப் பேணி வீட்டுக்குள் வராது, வெளிச்சுவரில் தொங்கும். அவர் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே எங்கள் பேணிகளோடு அடுக்கினேன். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. பின்னேரம் என் தகப்பன் எல்லாப் பேணிகளையும் அள்ளிக் கொண்டுபோய்க் கிணற்றடியில் எறிந்தார். அந்தச் சத்தத்தோடுதான் எங்கள் கல்யாணம் தொடங்கியது என்று உன் அப்பா சொல்லிச் சிரிப்பார். எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டில் ஒருவரும் வரவில்லை.

உனக்கு நாலு வயதில் அவரைப் படகுத்துறையில் வைத்து மற்ற ஆண்களோடு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த லொறி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. உனக்கு இவ்வளவும் தெரியும். அதற்குப் பிறகு எனக்கு எஞ்சியது என்ன என்று யோசித்துப் பார். ஒரு படம்கூடச் சரியாக இல்லை. எலும்பு இல்லை, கல்லறை இல்லை. உன் பெயருக்குப் பின்னால் நின்ற சவிரிமுத்து என்ற அந்த ஒரு சொல் இருந்தது. இந்த நகரத்தில் உன் ஆசிரியர்கள் அதைக் கடித்துத் துப்பியபோதெல்லாம், எப்படியோ ஒருவர் அவருடைய பெயரைச் சத்தமாகச் சொல்கிறாரே என்று எனக்குள் ஒரு நிம்மதி வரும்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் உனக்குச் சொல்லாமல் வில்லா-மரியா மெட்ரோவில் இறங்கி நடந்தேன். குளிர் முகத்தை அறுத்தது. அவர் கதவைத் திறந்து, என்னைக் கண்டு, எனக்குப் பின்னால் நீ நிற்கிறாயா என்று பார்த்தார். நான் தனியாக வந்திருக்கிறேன் என்றேன். கோப்பி ஊற்றித் தந்தார். குழந்தைகள் காப்பகத்துக் குசினியில் சமைத்துக்கொண்டு நான் பொறுக்கிய பிரெஞ்சும், தொழிற்சாலையில் அவர் பொறுக்கிய பிரெஞ்சும் ஓரளவுக்கு ஒன்றையொன்று விளங்கிக்கொண்டன. "என்ர மகன் தன்ர தேப்பன்ர பேரோடதான் இருப்பான்" என்பதை என் அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உங்களுக்கு எங்கள் பெயரைப் பற்றித் தெரியாது, தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்று சொல்லிக் கதையைத் தொடங்கினார். நன்றாகக் கதை சொல்லக்கூடிய மனிதர். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

முதலாவது ஆளின் பெயர் நில்ஸ். குதிரைப்படைச் சிப்பாய். ஜெர்மனியில் பல வருடம் நடந்த ஒரு சண்டையில் ஆற்றைக் கடக்கும்போது தளபதியின் குதிரை சூடுபட்டு விழுந்தது. நில்ஸ் தளபதியை நாணல் புதருக்குள் இழுத்துப்போய், எதிரிகள் கரையில் நடமாடி முடியும்வரை கழுத்தளவு தண்ணீரில் அவரைத் தாங்கிக்கொண்டு நின்றான். அதற்காக சுவீடன் ராணி அவனைப் பிரபுவாக்கி, நிலமும் கேடயமும் இந்தப் பெயரும் கொடுத்தாள். அவனுடைய பேரன் ருஷ்யாவின் பனியில் கால்விரல்களை விட்டுவிட்டு நடந்தே வீடு வந்தான். பிறகு ஒருவர் சீட்டாட்டத்தில் காடு முழுவதையும் தோற்றார். ஒரு மகள் தேவாலயத்தில் கணக்கெழுதுகிற ஒருவனை விரும்பினாள் என்பதற்காக அறையில் பூட்டப்பட்டாள். அவள் யன்னலால் குதித்து அவனோடு போய்விட்டாள். குடும்ப மரத்தில் அவள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கிளை மட்டும்தான் கீறியிருக்கிறது. இவருடைய தகப்பன் கடைசி வீட்டையும் விற்றார். இவருடைய அண்ணன், அடுத்த வாரிசு, யுத்தகாலத்தில் கப்பலோடு கடலில் மூழ்கிப்போனான். இவர் கேடயத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தார். அந்த அண்ணனைத் தவிர எல்லோருக்கும் ஊரில் கல்லறை இருக்கிறது என்றார்.

"நில்ஸுக்கு முதல் என்ன பேர்?" என்று கேட்டேன்.

"நில்ஸ் ஓலோஃப்சொன். ஓலோஃபின் மகன் நில்ஸ். சாதாரண ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான்."

"நாங்களும் அப்பிடித்தான்" என்றேன்.

அதைக் கேட்டு அவருக்கு ஒரு பகிடிக்கதை ஞாபகம் வந்தது. நத்தாருக்கு நத்தார் அவர்கள் வீட்டில் சொல்லுவார்களாம். நில்ஸ் பிரபுவான பிறகு ஒருநாள் விருந்தாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். மரப்பட்டைச் செருப்புப் போட்ட ஒரு கிழவன் வாசலில் வந்து நிற்கிறான். ஓலோஃப். மகனைப் பார்க்கப் பல நாள் நடந்து வந்திருக்கிறான். நில்ஸ் விருந்தாளிகளிடம், இவன் என்னுடைய பழைய குதிரைக்காரன் என்று சொல்லி, குசினிக்கு அனுப்பிக் கஞ்சி கொடுக்கச் சொல்கிறான். கிழவன் தொப்பியைக் கழற்றி, தன் மகனுக்கே குனிந்து வணக்கம் வைத்துவிட்டுக் குசினிக்குப் போகிறான். அந்த வணக்கம்தான் பகிடி. குடும்பத்தில் ஒரு பிள்ளையைத் தொப்பி போட்டு ஓலோஃபாக நடிக்க வைப்பார்களாம். இங்ரிட்டும் சின்ன வயதில் நடித்திருக்கிறாளாம், அவள் குனிகிற விதத்தைப் பார்த்து இவருக்கு வயிறு நோகுமாம். சொல்லும்போதே சிரிக்கத் தொடங்கினார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பின்வாசலும் வெளிச்சுவரும்தான் தெரிந்தன. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவரை எங்கே புதைத்திருக்கிறது?" என்று கேட்டேன்.

"யாரை?"

"ஓலோஃபை."

தெரியாது என்றார். உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கல்லறை இருக்கிறது என்று சொன்னீர்களே என்றேன். அவர் முகம் சிவந்தது. கோப்பையைத் தட்டில் வைத்த வேகத்தில் கோப்பி சிந்தியது. "என் வீட்டில் இருந்துகொண்டு என் குடும்பத்தை விசாரிக்கிறீர்களா?" என்று எழுந்தார். நான் எழும்பவில்லை. "நீங்கள்தான் என் குடும்பத்தைக் கேட்டீர்கள், மிசியூ. நில்ஸ் தன் தகப்பன் பெயரை விட்டுவிட்டு உங்கள் பெயரை எடுத்தான். இப்போது என் மகனையும் அதையே செய்யச் சொல்கிறீர்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் நத்தாருக்கு ஒரு கறுத்த மனிதனின் கதையைச் சொல்லிச் சிரிப்பார்களா?" என்றேன். பேணியைப் பற்றியும் சொன்னேன், லொறியைப் பற்றியும் சொன்னேன். சொல் வராத இடங்களில் தமிழிலேயே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு கையால் கதிரையின் முதுகைப் பிடித்திருந்தார், மற்றக் கை நெஞ்சில் இருந்தது. அவருக்கு இருதய வருத்தம் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதன் இப்படியே விழுந்தால் இங்ரிட்டின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று பதறினேன். "தயவுசெய்து போங்கள்" என்றார். நான் மேற்சட்டைப் பொத்தானைக்கூடப் பூட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கத் தொலைபேசி மணி அடித்ததும் ஓடிப்போய் எடுத்தேன். இங்ரிட் கூப்பிட்டு, "மாமி, பப்பா சாப்பிடுறார் இல்லை" என்று தான் பழகிய தமிழில் சொன்னாள். நீ என் முன்னால் வந்து நின்று, "அவருக்கு என்னம்மா சொன்னனீங்கள்?" என்று கத்தினாய். நீ என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், பேணிக்கதையைக் கேட்டு இரக்கப்பட்டு நீ என் பக்கம் சாய்ந்துவிடுவாய் என்று பயந்தேன். இரக்கத்தால் எடுக்கிற முடிவு நெடுநாள் நிற்காது. அது அவர் மேல் வந்த இரக்கமாக இருந்தாலும் சரி, என் மேல் வந்ததாக இருந்தாலும் சரி.

பிறகு அவரே வந்தார். வெளியே பனி குவிந்து கிடக்க, டாக்சியில் லாசாலுக்கு வந்து, மூன்று மாடியும் படியில் ஏறி வந்தார். நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தீர்கள். கதவைத் திறந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, பேச முடியவில்லை. ஹோலில் சோபாவைக் காட்டினேன். அவர் என்னைத் தாண்டிக் குசினிக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். நான் இடியப்பமும் மீன் சொதியும் வைத்திருந்தேன், கொடுத்தேன். கரண்டியால் அள்ளி, உறைப்பில் கண்ணீர் வடிய, எல்லாவற்றையும் சாப்பிட்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "உங்கள் மகனிடம் கேட்டதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவனாக விரும்பினால் தடுக்காதீர்கள்" என்றார். சரி என்றேன்.

எழும்பிப் போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டார். "உங்கள் கணவருக்குத் தேவாலய மணி அடித்தார்களா?" இல்லை என்றேன். தன் அண்ணன் கப்பலோடு போன பிறகு பல வருடம் தன் அம்மா மணி அடிக்க விடவில்லையாம். உடலைக் காணாமல் எப்படி அடிப்பது என்று கேட்டாராம். "அடித்த நாளில்தான் அம்மா நித்திரை கொண்டார்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. பெயரைக் கேட்டவர், இப்போது என்னிடம் மிச்சமிருக்கிற ஒரே நம்பிக்கையையும் கேட்கிறாரே என்று நினைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு நின்று அழுதேன்.

பனி கரைகிற நாட்களில் அவர் போய்விட்டார். அடக்கத்தில் நடந்ததை நீயும் பார்த்தாய். ஒரு குலத்தின் கடைசி ஆண் இறந்தால் பெட்டியின் மேலேயே கேடயத்தை உடைப்பது அவர்களுடைய பழைய வழக்கமாம். அதை இன்னொரு பிரபுதான் செய்ய வேண்டுமாம். இங்ரிட்டுக்கு அவர் சொல்லி வைத்தது வேறு. நீயே உடை என்றிருந்தார். அவள் சுத்தியலை எடுத்தாள். முதல் அடிக்குக் கேடயம் அசையவில்லை, கனத்த ஓக் மரம். நீ கைகொடுக்கப் போனாய், அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு அவள் அடித்த அடியில் அது வெடித்துப் பிளந்த சத்தம் அந்தச் சின்னத் தேவாலயத்தில் சுவர் சுவராக மோதியது. அவள் பெட்டி மூடியைத் திறந்து துண்டுகளை உள்ளே வைத்தாள், குனிந்து அப்பாவின் நெற்றியைத் தொட்டாள், நிமிர்ந்தாள். அழுதாள்தான். ஆனால் அவளுடைய முகத்தில் ஒரு வேலையை முடித்த ஆளின் களை இருந்தது.

மகன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, பொறாமை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு முடித்து வைக்க ஒரு பெட்டியும் ஒரு சத்தமும் இருந்ததே என்று பொறாமை. நான் உன் பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்பாவுக்காக மட்டும் இல்லை. அந்தப் பெயர் எங்காவது ஒரு பட்டியலில் உயிரோடு இருக்கும்வரை, நான் ஒன்றையும் முடிவு செய்யத் தேவையில்லை. அவ்வளவு பாரத்தையும் உன் தலையில் வைத்தேன். இப்போது இறக்கி வைக்கிறேன். ஆவணியில் கல்யாணத்துக்கு நான் சுவீடனுக்கு வரும்போது நீ எந்தப் பெயரில் கையெழுத்து வைத்தாலும் என் முகம் மாறாது. உன் மாமா ராச பரம்பரை என்று பெருமைப்படுகிறாரே என்பதற்காக மாற்றாதே. நான் அழுதேன் என்பதற்காக மாற்றாமலும் இருக்காதே.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, இரண்டு குடும்பத்துக் கதைகளையும் சொல்லப்போகிறீர்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஆற்றைக் கடந்ததையும் சீட்டாடித் தோற்றதையும் ரேடியோக் கடையையும் சொல்லுங்கள். ஆனால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிற கதை ஒன்று இருந்தால், அதில் குசினிக்கு அனுப்பப்பட்டவர் யார் என்று ஒருதடவை நின்று பார். யன்னலால் குதித்த அந்தப் பெண்ணின் பெயரையும் அங்கே போய்த் தேடிப் பார்க்கச் சொல்லி இங்ரிட்டிடம் சொல். கிளை இருந்தால் பெயரும் எங்காவது இருக்கும்.

நேற்று பூசை முடிந்த பிறகு எங்கள் பாதரிடம் போனேன். ஒவ்வொரு வருடமும் உன் அப்பாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்வேன், உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் பாதர் ஒரே கேள்வியைக் கேட்பார், அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். "உயிரோட இருக்கிறவருக்கோ, செத்தவருக்கோ?" நான் யோசிக்காமல், உயிரோடு இருக்கிறவருக்கு என்பேன். அவரும் எழுதிக்கொள்வார். நேற்றும் கேட்டார். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

நான் மற்றதைச் சொன்னேன்.

புதன்கிழமை பின்னேரம் பூசை. பயணத்துக்கு முதல் நாள், உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும், ஆனாலும் வாருங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். நீ ஒரு பக்கம் இரு, இங்ரிட் மற்றப் பக்கம் இருக்கட்டும். பாதர் அந்தப் பெயரை வாசிக்கும்போது எனக்குப் பிடித்துக்கொள்ள இரண்டு கை வேண்டும்.

அம்மா